பெல்ட் அறுந்தால் என்ஜின் காலி! கார்காரர்களே, உஷார்!

ஓடிக்கொண்டிருக்கும் கார் நடுரோட்டில் பட்டென்று நின்றுவிடும். புகை வராது. பெரிய சத்தமும் கேட்காது. டாங்கியில் பெட்ரோல் இருக்கும். பேட்டரியும் நன்றாக இருக்கும். சாவியைத் திருகினால் என்ஜின் வழக்கத்தைவிட வேகமாக "விர்ர்" என்று சுற்றும். ஆனால் பிடிக்கவே பிடிக்காது!

"நேத்துகூட நல்லாத்தானே ஓடிச்சு?" என்று சொந்தக்காரர் தலையைச் சொறிவார். மெக்கானிக் வந்து மூடியைக் கழற்றிப் பார்ப்பார். "சார், டைமிங் பெல்ட் போயிடுச்சு. ஹெட் இறக்கிப் பாக்கணும்" என்பார்.

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு எத்தனையோ பேருக்கு வயிற்றில் புளி கரைந்திருக்கிறது. காரணம் ஒரு ரப்பர் பட்டை. அகலம் இரண்டு விரல்கூட இருக்காது. அதைக் காலாகாலத்தில் மாற்றினால் ஒரு நாள் வேலையோடு முடிந்துவிடும். மாற்றாமல் விட்டால் பல மடங்கு செலவு! வண்டி வாரக்கணக்கில் ஒர்க் ஷாப்பில் படுத்துவிடும்.

வீட்டுக் காருக்கு இது பணக்கஷ்டம். டாக்சி ஓட்டிப் பிழைப்பவருக்கோ இது வயிற்றுப் பிழைப்பு. வண்டி நின்றால் சவாரி இல்லை. சவாரி இல்லாவிட்டாலும் மாதம் பிறந்தால் டியூ கட்டியாக வேண்டுமே!

அப்படி என்னதான் வேலை?

என்ஜினுக்குள் கீழே ஒரு தண்டு சுற்றுகிறது. அது கிராங்க். பிஸ்டன்கள் மேலும் கீழும் போவதோடு சேர்ந்து சுற்றுவது அதுதான். மேலே இன்னொரு தண்டு சுற்றுகிறது. அது கேம். காற்று உள்ளே வரும் வால்வையும், புகை வெளியே போகும் வால்வையும் திறந்து மூடுவது அதன் வேலை.

கீழ்த் தண்டு இரண்டு சுற்று சுற்றினால், மேல் தண்டு ஒரே ஒரு சுற்று சுற்ற வேண்டும். கூடவும் கூடாது. குறையவும் கூடாது. அதற்காகத்தான் மேல் சக்கரத்தில் கீழ்ச் சக்கரத்தைப்போல இரண்டு மடங்கு பற்கள் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் இணைப்பதுதான் பல் வைத்த ரப்பர் பட்டை. அதன் பெயரே டைமிங் பெல்ட்.

என்ஜின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள். அப்போது ஒவ்வொரு வால்வும் ஒரு விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது! பிஸ்டன் மேலே வரும்போது வால்வு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வால்வு கீழே இறங்கும்போது பிஸ்டன் விலகியிருக்க வேண்டும். ஒரே சந்தில் எதிரெதிரே போகும் இரண்டு பேர் இடித்துக்கொள்ளாமல் போவதுபோல இது நடக்கிறது.

பெல்ட் அறுந்தால் மேல் தண்டு அந்த இடத்திலேயே நின்றுவிடும். சில வால்வுகள் திறந்தபடியே தொங்கும். கீழ்த் தண்டோ போன வேகத்தில் இன்னும் சுற்றும். பிஸ்டன் மேலே வந்து வால்வை இடிக்கும். வால்வு வளையும். சில சமயம் பிஸ்டனும் உடையும்.

எல்லா என்ஜினிலும் இப்படி இடிக்காது. சில என்ஜின்களில் இரண்டுக்கும் நடுவே போதிய இடம் விட்டிருப்பார்கள். அந்த வண்டிகள் நின்றுபோவதோடு சரி. புது பெல்ட் போட்டால் ஓடும். ஆனால் இக்காலக் கார்களில் பலவும் இடிக்கிற ரகம்தான். டீசல் என்ஜின் என்றால் கேட்கவே வேண்டாம். அதில் காற்றை மிகவும் அழுத்த வேண்டியிருப்பதால் உள்ளே இடமே கிடையாது.

அம்பாசடரில் கிடையாது!

"அந்தக் காலத்து வண்டியில இந்தத் தொல்லையே இல்லியே?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். உண்மைதான். பழைய அம்பாசடர் பெட்ரோல் என்ஜினிலும், பிரிமியர் பத்மினியிலும் டைமிங் செயின்தான் இருந்தது.

பல் வைத்த ரப்பர் பெல்ட்டை முதன்முதலில் பெருவாரியாகத் தயாரித்த காரில் போட்டவர்கள் ஜெர்மனிக்காரர்கள். 1962-ல் விற்பனைக்கு வந்த கிளாஸ் 1004 என்ற கார் அது. பெல்ட் மலிவு. எடை குறைவு. சத்தம் போடாது. எண்ணெய் ஊற்றத் தேவையில்லை. அதனால் மற்றக் கம்பெனிகளும் பின்பற்றின.

நம் நாட்டில் இதைத் தெருத்தெருவாகக் கொண்டுவந்தது மாருதி 800. 1983 டிசம்பர் 14-ந் தேதி முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். அந்தக் குட்டி என்ஜினில் இருந்தது டைமிங் பெல்ட். 1998-ல் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சாண்ட்ரோவிலும் பெல்ட்தான். கால் டாக்சியாக ஊரெல்லாம் ஓடிய டீசல் இண்டிகாவிலும் பெல்ட்தான். 2016-க்கு முந்திய டீசல் இன்னோவாவிலும் பெல்ட்தான். இவற்றில் பல இன்றும் கைமாறி ஓடிக்கொண்டிருக்கின்றன.

மாருதியின் கே-சீரிஸ் பெட்ரோல் என்ஜின்கள், ஸ்விப்ட் டீசலில் வந்த 1.3 லிட்டர் என்ஜின், இன்னோவா கிரிஸ்டா டீசல் ஆகியவற்றில் செயின். "செயின்னா கவலையே இல்ல" என்று இருந்துவிடக் கூடாது. ஆயில் மாற்றாமல் ஓட்டினால் செயினும் தளரும். ஆனால் செயின் தளர்ந்தால் பெரும்பாலும் கடகடவென்று சத்தம் போட்டு முன்கூட்டியே சொல்லும். பெல்ட் சொல்லாது. ஊமையாக இருந்தே கழுத்தறுக்கும்!

எத்தனை கிலோ மீட்டர்?

இதற்கு எல்லா வண்டிக்கும் ஒரே கணக்கு கிடையாது. பல கார்களுக்கு 60 ஆயிரம் கி.மீட்டரிலிருந்து 1 லட்சம் கி.மீட்டருக்குள் வரும். பழைய டீசல் இன்னோவாவுக்கு ஒன்றரை லட்சம் கி.மீ. அந்தக் கெடு வந்ததும் டிரைவர் முன்னால் உள்ள பலகையில் பெல்ட் விளக்கு எரியும். எல்லா வண்டியிலும் அப்படி விளக்கு இருக்காது. உங்கள் வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ, அதுதான் சட்டம்.

கிலோ மீட்டர் மட்டும் பார்த்தால் போதாது. வருஷமும் பார்க்க வேண்டும். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. "வண்டி ஷெட்டிலேயேதான் நிக்குது. 30 ஆயிரம்தான் ஓடியிருக்கு" என்று சிலர் பெருமை பேசுவார்கள். ரப்பருக்கு வயசு ஓட்டத்தால் மட்டும் ஆவதில்லை. சும்மா நின்றாலும் இறுகும், வெடிக்கும்.

சென்னைப் போக்குவரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிண்டியிலோ கோயம்பேட்டிலோ நெரிசலில் அரைமணி நேரம் நிற்கும்போது மீட்டர் நகர்வதில்லை. ஆனால் என்ஜின் ஓடுகிறது. பெல்ட்டும் ஓடுகிறது. வெயில் காலத்தில் பானெட்டுக்குள் அடுப்பங்கரைபோல் கொதிக்கிறது. மீட்டரில் உள்ளதைவிட பெல்ட் அதிகம் உழைத்திருக்கும்.

பெல்ட்டின் எதிரிகள்

இந்தப் பெல்ட் வெறும் ரப்பர் அல்ல. உள்ளே கண்ணாடி இழைக் கயிறுகள் ஓடுகின்றன. பல்லின்மேல் நைலான் துணி ஒட்டியிருக்கிறது. அவ்வளவு பலமான பட்டையை அழிப்பவை சில.

முதல் எதிரி ஆயில். கிராங்க், கேம் ஆயில் சீல்கள் கசிந்தால் பெல்ட்டில் ஆயில் சொட்டும். ரப்பர் ஊறி, பல் கழன்றுவிடும். இரண்டாவது எதிரி தண்ணீர். பல என்ஜின்களில் வாட்டர் பம்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். பம்ப் கசிந்தால் பெல்ட் நனையும். பம்ப் இறுகி நின்றால் பெல்ட் அறுந்தேவிடும். மூன்றாவது எதிரி தேய்ந்த பேரிங். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், வழிநடத்தும் ஐட்லரும் சரியாகச் சுழலாவிட்டால் பெல்ட் ஓரம் கிழியும்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளம் வந்தபோது எத்தனை கார்கள் மூழ்கின! அப்படி மூழ்கிய வண்டியில் பெல்ட் மூடிக்குள் சேறும் மணலும் புகுந்திருக்கலாம். என்ஜின் ஓடுகிறதே என்று விட்டுவிடக் கூடாது. மூடியைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.

புதிய ரகங்கள் சிலவற்றில் ஆயிலிலேயே நனைந்தபடி ஓடும் பெல்ட் வந்திருக்கிறது. அதற்குக் கம்பெனி சொன்ன ஆயில் மட்டும்தான் ஊற்ற வேண்டும். விலை குறைகிறதே என்று வேறு ஆயில் ஊற்றினால் பெல்ட் உப்பிப் பொடியாக உதிரும். அந்தப் பொடி ஆயில் சல்லடையை அடைத்து என்ஜினையே தீர்த்துவிடும்.

மாற்றுவது எப்படி?

இது வீட்டு வாசலில் ஒரு ஸ்பானரோடு முடிகிற வேலை அல்ல. ஆனால் என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால் ஒர்க் ஷாப்பில் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஏமாறாமல் இருக்கலாம்.

முதலில் என்ஜின் நன்றாக ஆற வேண்டும். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்ற வேண்டும். சின்ன கார்கள் பலவற்றில் முன்சக்கரம் ஒன்றைக் கழற்றினால்தான் கை போகும். என்ஜினைத் தாங்கும் மவுண்டையும் கழற்ற வேண்டியிருக்கும். அதற்குமுன் அடியில் ஜாக்கி கொடுத்து, நடுவில் ஒரு மரக்கட்டை வைக்க வேண்டும். கட்டை வைக்காமல் முட்டுக் கொடுத்தால் ஆயில் சம்ப் நெளிந்துவிடும்.

வெளிப் பெல்ட்டுகள், கிராங்க் புல்லி, பிளாஸ்டிக் மூடி எல்லாம் கழன்றபின் டைமிங் பெல்ட் கண்ணுக்குத் தெரியும். உடனே அதை உருவக் கூடாது! இங்கேதான் விஷயமே இருக்கிறது.

கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு, என்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் சுற்ற வேண்டும். 1-ம் நம்பர் பிஸ்டன் உச்சிக்கு வர வேண்டும். கிராங்க் சக்கரத்தில் ஒரு குறி இருக்கும். அது என்ஜின் பிளாக்கில் உள்ள குறிக்கு நேராக நிற்க வேண்டும். கேம் சக்கரத்தின் குறி, ஹெட்டில் உள்ள குறிக்கு நேராக நிற்க வேண்டும். இதுதான் டைமிங் மார்க்.

கிராங்க் குறி மட்டும் சரியாக இருந்தால் போதாது. மேலே ஒரு சுற்றுக்குக் கீழே இரண்டு சுற்று அல்லவா? கிராங்க் குறி நேராக நிற்கும்போது, கேம் குறி எதிர்ப்பக்கம் போயிருக்கலாம். அப்போது இன்னும் ஒரு சுற்று சுற்றினால்தான் இரண்டும் சேரும். இரண்டு கேம் உள்ள என்ஜினில் கேம் குறியும் இரண்டு. டீசல் பம்பையும் அதே பெல்ட் ஓட்டுகிற பழைய என்ஜின்களில் பம்புக்கும் தனிக் குறி. சில டீசல் என்ஜின்களில் குறி மட்டும் போதாது. துளைக்குள் பின் செருகித் தண்டுகளைப் பூட்டிவிட்டுத்தான் பெல்ட்டில் கை வைக்க வேண்டும். அந்தப் பின் இல்லாத ஒர்க் ஷாப்பில் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

அனுபவசாலி மெக்கானிக் இன்னொரு காரியமும் செய்வார். பழைய பெல்ட்டைக் கழற்றும்முன் குறிகளின்மேல் வெள்ளைப் பெயிண்ட் பொட்டு வைப்பார். குறிக்குக் குறி எத்தனை பல் என்று எண்ணிக்கொள்வார். பெல்ட்டைக் கழற்றியபின் கிராங்கையோ கேமையோ தனியாகச் சுற்ற விடமாட்டார். சுற்றினால் வால்வும் பிஸ்டனும் கையாலேயே இடித்துக்கொள்ளும்.

புது பெல்ட்டை மடிக்கக் கூடாது. முறுக்கக் கூடாது. ஸ்குரூ டிரைவரால் நெம்பி ஏற்றக் கூடாது. உள்ளே உள்ள கண்ணாடி இழை ஒடிந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாளில் அறுந்துவிடும். பெல்ட்டைக் கிராங்க் சக்கரத்தில் ஆரம்பித்து, டென்ஷனர் இல்லாத பக்கத்தை விறைப்பாக வைத்து, கேம் சக்கரத்தில் ஏற்ற வேண்டும். மிச்சத் தொய்வு டென்ஷனர் பக்கம் வரும். அதைக் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்க வேண்டும். தளர்ந்தால் பல் தாண்டும். அதிகம் இறுகினால் பேரிங் ஊளையிடும்.

இரண்டு சுற்று, உயிர் காக்கும்!

போட்டாகிவிட்டதா? உடனே செல்ப் அடிக்கக் கூடாது! ஸ்பானரால் கையாலேயே கிராங்கை இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். எல்லாக் குறிகளும் மறுபடி நேருக்கு நேர் வந்து நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நடுவில் எங்காவது "டக்" என்று தடுத்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பலம் கொடுத்துத் தள்ளினால் வால்வு வளையும்.

இந்த இரண்டு சுற்றுக்கு ஆகும் நேரம் இரண்டு நிமிஷம். அவசரத்தில் இதை விட்டுவிட்டுச் சாவியைத் திருகினால், ஒரு நொடியில் என்ஜின் போய்விடும். பக்கத்தில் நிற்கும் சொந்தக்காரர் "கையால சுத்திப் பாத்தீங்களா அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்பதில் தப்பே இல்லை. நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். குறியைக் கூப்பிட்டே காட்டுவார்.

ஒரு பல் தப்பினால்...

"ஒரே ஒரு பல்லுதானே, என்ன ஆயிடப்போவுது?" என்று கேட்கலாம். கணக்குப் பாருங்கள். கிராங்க் சக்கரத்தில் 20 பல் என்று வையுங்கள். முழுச் சுற்று 360 டிகிரி. ஒரு பல் தப்பினால் 18 டிகிரி தப்பு! வால்வு திறக்கும் நேரமே மாறிவிடும்.

வண்டி ஸ்டார்ட் ஆகும். ஓடவும் ஓடும். அதுதான் ஆபத்து. இழுவை இருக்காது. நிற்கும்போது உதறும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். பெட்ரோல் குடிக்கும். என்ஜின் விளக்கு எரியலாம். சொந்தக்காரர் பிளக் மாற்றுவார், பில்டர் மாற்றுவார், சென்சார் மாற்றுவார். பணம் போய்க்கொண்டே இருக்கும். குறை பெல்ட்டில் இருக்கும்! பெல்ட் மாற்றிய நாளிலிருந்து வண்டி சோம்பலாகிவிட்டதென்றால், முதலில் டைமிங் மார்க்கைத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும்.

நடுவழியில் அறுந்தால்?

ஓடும்போது என்ஜின் நின்றால் பதற வேண்டாம். பிரேக் உடனே போய்விடாது. முதல் ஒன்றிரண்டு மிதிக்கு வழக்கம்போல் பிடிக்கும். பிறகு பெடல் கல்போல் ஆகிவிடும். அதனால் விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டுங்கள். ஸ்டீயரிங்கும் பல வண்டிகளில் கனமாகிவிடும். இரண்டு கையாலும் பிடியுங்கள். வண்டி நிற்கும்வரை சாவியை உருவாதீர்கள். உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நான்கு பக்க விளக்கையும் எரிய விடுங்கள்.

ஓரம் கட்டியபின் நம் ஊரில் நடப்பது என்ன? நல்ல மனதோடு நாலு பேர் ஓடிவருவார்கள். "தள்ளுங்கப்பா, தள்ளுனா ஸ்டார்ட் ஆயிடும்!" என்பார்கள். பெல்ட் அறுந்த வண்டியைக் கியரில் போட்டுத் தள்ளுவதும், சாவியைத் திருகித் திருகிப் பார்ப்பதும் மகா தவறு. தப்பிப் பிழைத்த வால்வுகளும் ஒவ்வொன்றாக வளையும். நியூட்ரலில் போட்டு ஓரமாகத் தள்ளலாம். ஸ்டார்ட் செய்யத் தள்ளக் கூடாது.

ஒர்க் ஷாப்பிலும் உடனே ஹெட்டைக் கழற்ற வேண்டிய அவசியம் இல்லை. குறிகளை நேராக வைத்து, சிலிண்டருக்குள் காற்று அடித்துக் கசிவு பார்க்கலாம். வால்வு வளையாமல் தப்பியிருந்தால் செலவு மிச்சம். வளைந்திருந்தால் ஹெட் இறக்கித்தான் ஆக வேண்டும்.

பழைய கார் வாங்குவோருக்கு

அதிகம் மாட்டிக்கொள்பவர்கள் இவர்கள்தான். மீட்டரில் 48 ஆயிரம் என்று இருக்கும். அது உண்மையா, திருப்பி வைத்ததா என்று யார் கண்டது? "பெல்ட்டெல்லாம் மாத்தியாச்சு சார்" என்று விற்பவர் சொல்வார். பில் இருக்கிறதா என்று கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்டி விலையோடு பெல்ட் செலவையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

பெல்ட் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

* ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டில் வாங்கினாலும், கம்பெனி ஷோரூமில் வாங்கினாலும் பில்லோடு வாங்குங்கள். போலிச் சரக்குக்குப் பில் வராது.

* புதுப்பேட்டையில் கழற்றிய பழைய சாமான் பலவும் உபயோகப்படும். ஆனால் பழைய டைமிங் பெல்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு தடவை கழற்றிய பெல்ட்டை மறுபடி போடக் கூடாது.

* பெல்ட்டை மட்டும் மாற்றி டென்ஷனரையும் ஐட்லரையும் விட்டுவிடாதீர்கள். வாட்டர் பம்பும் அந்தப் பெல்ட்டில் ஓடுகிறதென்றால் அதையும் பார்த்துவிடுங்கள். பின்னால் பம்ப் கசிந்தால் அத்தனையையும் மறுபடி பிரிக்க வேண்டும். கூலி இரட்டிப்பு!

* ஆயில் சீல் கசிகிறதா என்று அப்போதே பாருங்கள். புது பெல்ட்டின்மேல் ஆயில் சொட்டினால் போட்ட பணம் தண்டம்.

* பழைய பெல்ட்டையும் பேரிங்குகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். மாற்றியதற்கு அதுதான் சாட்சி.

* மாற்றிய தேதியையும் கிலோ மீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி பானெட்டுக்குள் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த டிரைவருக்கும், அடுத்த சொந்தக்காரருக்கும் அது உதவும்.

டயர் வழுக்கையானால் கண்ணுக்குத் தெரிகிறது. பிரேக் தேய்ந்தால் காதுக்குக் கேட்கிறது. இந்தப் பெல்ட் ஒன்றுதான் மூடிக்குள் ஒளிந்துகொண்டு ஓடுகிறது. உங்கள் காரில் இருப்பது செயினா, பெல்ட்டா? பெல்ட் என்றால் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? ஞாபகம் வரவில்லையா? அப்படியானால் அடுத்த வெளியூர்ப் பயணத்துக்குமுன் போக வேண்டிய இடம் ஒர்க் ஷாப்தான்!